பெங்களூரு மாதச் செலவு: நோட்டின் வலது பக்கம்

15,000 ரூபாய் வாடகை வீட்டுக்கும் 22,000 ரூபாய் வாடகை வீட்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால், 7,000 என்று சின்னப் பிள்ளையும் சொல்லிவிடும். எங்கள் வீட்டுக் கணக்கு நோட்டின்படி அது 1,659 ரூபாய்தான். ராமமூர்த்தி நகரிலிருந்து அல்சூருக்கு வீடு மாற்றலாமா என்று நானும் கணவரும் நாள்கணக்கில் பேசிக்கொண்டிருந்தபோது போட்ட கணக்கு இது. பெங்களூருக்கு வருகிறவர்கள் மாதம் எவ்வளவு ஆகும் என்று கேட்டால் இதைத்தான் முதலில் சொல்வேன். இங்கே வாடகை என்பது தனிச் செலவில்லை. தண்ணீரும் போக்குவரத்தும் அதன் பின்னாலேயே வரும்.

ராமமூர்த்தி நகர் வீடு மலிவு, அறைகளும் பெரிசு. ஆனால் அந்தத் தெருவுக்குக் காவேரித் தண்ணீர் வரவில்லை. போர்வெல் தண்ணீர்தான். வெயில் காலத்தில் போர் இறங்கிவிட்டால் டேங்கர். 2024 மார்ச்சில் தண்ணீர்ப் பஞ்சம் செய்திகளில் அடிபட்டபோது, 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டர் டேங்கருக்கு 600 ரூபாய், 12,000 லிட்டருக்கு 1,000 ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை கட்டியது. எங்கள் தெருவுக்கு வந்த டேங்கர்காரர்கள் அந்த அறிவிப்பைப் படித்த மாதிரி தெரியவில்லை. கட்டடத்தில் இருந்த குடித்தனக்காரர்கள் பங்கு போட்டும், மெயின்டனன்ஸும் சேர்த்து எங்கள் தலையில் மாதம் 2,500 விழுந்தது. குடிக்கக் கேன் தண்ணீர் 600. என் ஆபீஸ் தொம்லூர் பக்கம். காலையில் ஆட்டோ, சாயங்காலம் டின் ஃபேக்டரி ஸ்டாப் வரை பஸ், அங்கிருந்து இன்னொரு ஆட்டோ என்று மாதம் 6,000 போய்விடும். கணவர் ஒயிட்ஃபீல்டுக்கு வண்டியில் போனார், அதற்குப் பெட்ரோல் 1,500. ஆக, அந்த 15,000 ரூபாய் வீட்டில் குடியிருக்க 25,600 ஆனது.

அல்சூரில் நாங்கள் பார்த்தது பழைய கட்டடம், இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. ஓனர் அம்மாவின் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். கண்டோன்மென்ட் காலத்திலிருந்தே தமிழர் நிறைந்த பகுதி அது. வாடகையைச் சொல்லி முடித்ததும் நான் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டேன். "காவேரி ஒருநாள் விட்டு ஒருநாள் வரும்மா. சம்ப் ரொம்பிடும். அப்புறம் மேல டேங்குக்கு ஏத்திக்குவோம். தண்ணிக்கு 300 குடு, போதும்" என்றார். சம்ப் எவ்வளவு பெரிசு, எத்தனை வீட்டுக்கு என்றும் கேட்டேன். கொஞ்சம் முறைத்துப் பார்த்தார், ஆனால் மூடியைத் திறந்தே காட்டிவிட்டார். இரண்டு குடித்தனத்துக்கு அது தாராளம். வீடு பார்க்கப் போகிறவர்கள் ஹாலையும் பால்கனியையும் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். சம்ப் மூடியைத் திறக்கச் சொல்ல வெட்கப்படக் கூடாது.

கணவருக்கு மெட்ரோ வாசலிலேயே இருக்கிற மாதிரி. ஒயிட்ஃபீல்டு வரை பர்ப்பிள் லைன், இடையில் மாறவே வேண்டாம். 2025 பிப்ரவரியில் மெட்ரோ கட்டணத்தை ஏற்றியபோது உச்சக் கட்டணம் 60 ரூபாயிலிருந்து 90 ஆனது. ஸ்மார்ட் கார்டுக்கு 5 சதவீதம் கழிவு உண்டு, அதையும் சேர்த்துப் பார்த்தால் அவருக்கு மாதம் 2,500. எனக்கு பஸ், இங்கே பெண்களுக்கு அது இலவசம். மழை நாளில் ஆட்டோவுக்கு 500 வைத்திருக்கிறேன். 2025 ஆகஸ்டிலிருந்து மீட்டர் கட்டணம் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18. மீட்டர் போடுகிற ஆட்டோ கிடைத்தால் எனக்கும் சொல்லுங்கள். ஆக அல்சூர் வீட்டுக்கு 22,000, 300, 2,500, 500 சேர்த்து 25,300. பழைய வீட்டைவிட 300 ரூபாய் குறைவு!

கணக்கு இத்தோடு முடிந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பெங்களூரில் அட்வான்ஸ் என்று ஒன்று இருக்கிறது. முன்பெல்லாம் பத்து மாத வாடகை கேட்பார்கள். இப்போது பல இடங்களில் ஐந்து, ஆறு மாதத்துக்கு இறங்கி வந்திருக்கிறார்கள். அல்சூரில் ஒன்றரை லட்சம் கேட்டார்கள். பழைய வீட்டு அட்வான்ஸ் கைக்கு வர நாளாகும் என்பதால், என் வளையலையும் ஆரத்தையும் பேங்கில் வைத்து ஒரு லட்சம் எடுத்தோம். 9 சதவீத வட்டி என்றால் மாதம் 750. அட்வான்ஸ் திரும்பி வரப்போகிற பணம்தானே என்று எல்லாரும் அதைச் செலவில் எழுதாமல் விடுகிறார்கள். திரும்பி வரும், சரி. அதுவரைக்கும் வட்டியை யார் கட்டுவது? நகை வைக்காமல் சேமிப்பிலிருந்து கொடுத்தாலும், அந்தப் பணம் டெபாசிட்டில் ஈட்டியிருக்கும் வட்டி போனதுதான்.

அதோடு பெயின்டிங் கழிவு இருக்கிறது. காலி செய்யும்போது ஒரு மாத வாடகையை அட்வான்ஸில் பிடித்துக்கொள்வது இந்த ஊர் வழக்கம். சுவரில் ஒரு ஆணிகூட அடிக்காமல் இருந்தாலும் பிடிப்பார்கள். இரண்டு வருடம் இருப்போம் என்று வைத்தால் 22,000-ஐ 24-ஆல் வகுக்க மாதம் 917. புரோக்கருக்குக் கொடுத்த ஒரு மாத வாடகைக்கும் அதே 917. வட்டி, பெயின்டிங், புரோக்கர் மூன்றும் சேர்ந்து 2,584. இப்போது அல்சூர் வீடு 27,884. ராமமூர்த்தி நகர் வீட்டில் புரோக்கர் கிடையாது, டு-லெட் போர்டு பார்த்துப் பிடித்தது. அட்வான்ஸுக்குக் கடனும் இல்லை. பெயின்டிங் 625 மட்டும் சேர்த்தால் 26,225. ஆக வித்தியாசம் 1,659. தினமும் என் பயணத்தில் ஒன்றரை மணி நேரம் மிச்சம். அதற்கு 1,659 கொடுக்கலாம் என்று முடிவு செய்து மாறினோம். வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவராக இருந்திருந்தால் ராமமூர்த்தி நகரை விட்டிருக்க மாட்டேன்.

இதிலிருந்து ஒன்று புரியும். வீடு மாற மாறத்தான் காசு போகும். பதினோரு மாதத்துக்கு ஒருமுறை மாறினால் பெயின்டிங்கும் புரோக்கரும் மட்டுமே மாதம் 4,000. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது 5 சதவீதம் ஏற்றுகிறார்கள் என்று கோபித்துக்கொண்டு வேறு வீடு தேடுபவர்களைப் பார்க்கிறேன். 22,000-க்கு 5 சதவீதம் 1,100. மாறினால் அதைவிடக் கூடுதல்தான்.

வாடகையே இல்லை, பத்துப் பன்னிரண்டு லட்சம் மொத்தமாகக் கொடுத்துவிட்டுக் குடியிருக்கலாம் என்று லீஸ் வீடுகளும் நிறைய உண்டு. நம் ஊர் போக்கியம், ஒத்தி மாதிரிதான். கேட்க இனிக்கும். ஓனர் அந்தக் கட்டடத்தின் பேரில் பேங்க் கடன் வாங்கி, கட்டாமல் விட்டால், பேங்க்காரர்கள் வந்து நிற்பது நம் வாசலில். வில்லங்கச் சான்று பார்க்காமல், ஒப்பந்தத்தைப் பதிவு செய்யாமல் அதில் இறங்க வேண்டாம். என் நோட்டுக்குள் அது வரவே வராது.

நோட்டைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஒரு சாதாரண நீளநோட்டு. இடது பக்கம் மாதாமாதம் வருகிற செலவு. வலது பக்கம் மாதாமாதம் வராத செலவு. இடது பக்கத்தை எல்லாரும் ஏறக்குறையச் சரியாகவே போடுகிறார்கள். மளிகை, காய்கறி, பால் என்று மூன்று பேருக்கு 14,000, வேலைக்கு வரும் அக்காவுக்கு 2,500, போனும் இன்டர்நெட்டும் 1,500, கேஸ் 700. நாங்கள் ஆபீஸிலிருந்து வரும்வரை பையனைப் பார்த்துக்கொள்ளும் டே கேருக்கு 6,000. வெளியில் சாப்பிட 4,000. இதில் தர்ஷினியில் நின்றுகொண்டே சாப்பிடும் இட்லி வடை காபிக்கு ஆகிற செலவு கொஞ்சம்தான், போனில் ஆர்டர் செய்கிற ராத்திரி பிரியாணிக்குத்தான் பெரும்பகுதி. இன்னும் மலிவாக வேண்டும் என்றால் இந்திரா கேன்டீனில் 5 ரூபாய்க்குக் காலை டிபன், 10 ரூபாய்க்குச் சாப்பாடு. கல்யாணம் ஆகாத காலத்தில் மாசக் கடைசியில் கணவருக்குக் கைகொடுத்த இடம் அது. காய்கறிக்கு மர்பி டவுன் மார்க்கெட்டோ ரஸ்ஸல் மார்க்கெட்டோ போனால் வீட்டு வாசல் வண்டியைவிடக் குறைவு. இட்லி அரிசியும் நல்லெண்ணெயும் மிளகாய்த்தூளும் திண்டுக்கல்லிலிருந்து வருகின்றன. அம்மா காசு வாங்குவதில்லை, அதனால் நோட்டில் இல்லை.

கரண்ட் பில்லில் நம்மவர்கள் ஒரு இடத்தில் ஏமாறுவார்கள். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு பில், அதில் 100 யூனிட் இலவசம். அந்தப் பழக்கத்தில் இங்கே கணக்குப் போட்டால் பொருந்தாது. இங்கே மாதாமாதம் பில். கிருக ஜோதி திட்டம் 2023 ஆகஸ்ட் பில்லிலிருந்து வந்தது. வாடகைக்கு இருப்பவர்களும் சேரலாம். 200 யூனிட் இலவசம் என்று எல்லாரும் சொல்வார்கள், அது உச்ச வரம்பு. நமக்குக் கிடைப்பது அந்த இணைப்பின் பழைய சராசரிக்குக் கொஞ்சம் மேல் வரைதான். அதைத் தாண்டினால் தாண்டியதற்குக் காசு, 200-ஐத் தாண்டினால் முழு பில்லும் நம்முடையது. வீடு மாறினால் பழைய இணைப்பிலிருந்து விலகி, புது வீட்டு ஆர்.ஆர். நம்பரில், அதாவது மின் இணைப்பு எண்ணில், மறுபடி பதிய வேண்டும். ஓனர் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கிற வீடாக இருந்தால் இந்த இலவசத்தை மறந்துவிட வேண்டியதுதான். வாடகை பேசும்போதே தனி மீட்டரா என்று கேட்டுவிடுங்கள். எங்களுக்கு மாதம் 400 வைத்தால் போதும். ஏசி இல்லாமல் வருடம் ஓடுகிறது, டிசம்பரில் கீசர் மட்டும்தான்.

பஸ்ஸுக்கும் இதே கதைதான். தமிழ்நாட்டில் பெண்கள் டவுன் பஸ்ஸில் ஏறினால் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. கர்நாடகத்தில் 2023 ஜூன் 11 முதல் சக்தி திட்டத்தில் சாதாரண பஸ்களில் பெண்களுக்கு இலவசம், ஆனால் கர்நாடக முகவரி உள்ள அட்டை வேண்டும். ஆதாரில் முகவரியை மாற்றப் போகிறேன் என்றதும் அம்மா போனில் பதறிவிட்டார். "ஏண்டி, ரேஷன் கார்டுல பேரை எடுத்துருவாங்களேடி!" ரேஷன் கார்டில் என் பெயர் இருந்து அம்மாவுக்குக் கிடைப்பது மாதம் சில கிலோ அரிசி. எனக்கு பஸ்ஸில் மிச்சமாவது அதைவிட எத்தனையோ மடங்கு. 2025 ஜனவரியில் பஸ் கட்டணம் 15 சதவீதம் ஏறியபின் அந்த இடைவெளி இன்னும் கூடிவிட்டது. மாற்றிவிட்டேன். அம்மா அதற்காகக் கொஞ்ச நாள் முகம் தூக்கி வைத்திருந்தார்.

ஆக, நகை வட்டியையும் சேர்த்து இடது பக்கம் 55,000-க்குக் கொஞ்சம் மேல். இதை வைத்துக்கொண்டு, 'நமக்கு 55,000 இருந்தால் போதும்' என்று நினைத்தால் ஏப்ரல் மாதம் வந்து கழுத்தைப் பிடிக்கும். பள்ளிக்கூடக் கட்டணத்தின் முதல் தவணை, புதுப் புத்தகம், யூனிஃபார்ம், வெயிலுக்குத் தண்ணீர்ச் செலவு எல்லாம் ஒன்றாக வந்து நிற்கிற காலம் அது. பையன் எல்.கே.ஜி. சேர்ந்த வருடம் பள்ளிக்கு மட்டும் 85,000. வலது பக்கத்தின் முதல் வரி அதுதான்.

இரண்டாவது வரி ஊருக்குப் போக வர. இதை ஒவ்வொருவரும் குறைத்தே எழுதுகிறார்கள். சாதாரண நாளில் சேலம், கரூர் வழி ரயிலில் திண்டுக்கல் போவதற்குச் செலவு ஒன்றும் பெரிதில்லை. தீபாவளி, பொங்கலுக்கு ரயில் டிக்கெட் கிடைக்காவிட்டால் மடிவாளாவிலோ கலாசிபாளையாவிலோ நின்று ஆம்னி பஸ்காரர் சொல்கிற விலைக்கு ஏற வேண்டியதுதான். மூன்று பேர் போக வர அந்த ஒரு பண்டிகையே ஒரு மாத மளிகைப் பணத்தைத் தின்றுவிடும். 2024 நவம்பர் முதல் ரயில் முன்பதிவு 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது. முன்பு 120 நாள் இருந்தது. பண்டிகைத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி, அந்தக் காலை எட்டு மணியைப் போனில் அலாரமாக வைத்துக்கொள்கிறேன். மதுரை பெங்களூரு வந்தே பாரத் 2024 ஆகஸ்ட் கடைசியில் ஓட ஆரம்பித்தது. அது கண்டோன்மென்டிலிருந்து கிளம்புவதால் எங்களுக்கு வசதி, செவ்வாய்க்கிழமை மட்டும் கிடையாது. டிக்கெட் விலை ஸ்லீப்பரைவிடப் பல மடங்கு என்பதால் அதையும் யோசித்துத்தான் போடுவோம். எல்லாம் கூட்டினால் வருடத்துக்கு 30,000.

மூன்றாவது, மொய்யும் சீரும். இதைப் பட்ஜெட் போடச் சொல்லித் தருகிறவர்கள் யாரும் எழுதிப் பார்த்ததில்லை. வைகாசியிலும் ஆவணியிலும் தையிலும் பத்திரிகை வரிசையாக வரும். கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா. பெங்களூரில் இருக்கிறோம், ரெண்டு பேரும் சம்பாதிக்கிறோம் என்பதால் நம்மிடம் எதிர்பார்ப்பும் ஒரு படி மேலே. போக முடியாவிட்டாலும் ஜிபேயில் மொய் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். 20,000 எழுதியிருக்கிறேன், குறைவாகவே.

மற்றவற்றை வேகமாகச் சொல்லிவிடலாம். மருத்துவக் காப்பீடும் வண்டிக் காப்பீடும் 22,000. தீபாவளித் துணிமணி 15,000. காய்ச்சல், பல், கண்ணாடி என்று காப்பீட்டுக்குள் வராதவை 12,000. பிரிட்ஜ், போன் பழுதுக்கு 8,000. மொத்தம் 1,92,000. பன்னிரண்டால் வகுத்தால் 16,000. மேலே சொன்ன பெயின்டிங், புரோக்கர் கணக்கையும் இங்கேயே சேர்த்தால் 18,000-ஐ ஒட்டி வரும். இரண்டு பக்கமும் கூட்டினால் 73,000. அதில் கால்பங்கு வலது பக்கம்! சம்பளம் வந்த அன்றே இந்த 18,000 வேறொரு பேங்க் கணக்குக்குத் தானாகப் போய்விடும். அந்தக் கணக்கின் கார்டு என் பர்ஸில் இருப்பதில்லை, பீரோவில் இருக்கிறது. கணவர் கேட்டாலும் கொடுப்பதில்லை.

போன வருடம் என் நாத்தனார் மகனுக்கு இங்கே வேலை கிடைத்தது. "அத்தை, ஆறு லட்சம் பேக்கேஜ். மாசம் 50,000 வரும்ல?" என்றான். வராதுடா என்றேன். பி.எஃப்.பில் கம்பெனி போடுகிற பங்கையும், கிராஜுவிட்டியையும், வருடக் கடைசியில் கிடைத்தாலும் கிடைக்கலாம் என்கிற போனஸையும் சேர்த்துத்தான் அந்த ஆறு லட்சம். கர்நாடகத்தில் தொழில் வரி மாதம் 200, பிப்ரவரியில் மட்டும் 300 வேறு. தமிழ்நாட்டில் அரையாண்டுக்கு ஒருமுறை பிடிப்பதை இங்கே மாதாமாதம் பிடிப்பார்கள். கையில் 43,000 வந்தது.

எடுத்ததும் இரண்டு நண்பர்களோடு வீடு பிடிக்கத் துடித்தான். ஒரு மூன்று மாதம் பி.ஜி.யில், அதாவது சாப்பாட்டோடு தங்கும் விடுதியில், இரு என்று நிறுத்திவைத்தோம். ஆபீஸ் எந்த நாட்கள், எந்த ஷிஃப்ட், வரும் வழியில் எந்த சிக்னலில் அரைமணி நேரம் போகிறது என்பதெல்லாம் தெரியாமல் ஏரியாவைத் தேர்ந்தெடுக்க முடியாது. தவிர முதல் சம்பளம் மாதக் கடைசியில்தான் வரும். அட்வான்ஸில் பங்கு, முதல் மாத வாடகை, கேஸ், பாய் தலையணை, பாத்திரம் என்று வேலையில் சேருவதற்கு முன்பே முக்கால் லட்சம் கையில் வேண்டியிருக்கும். பி.ஜி.க்கு ஒரு மாதத் தொகையும் கொஞ்சம் டெபாசிட்டும் போதும். அதிலும் டெபாசிட்டில் எவ்வளவு பிடிப்பார்கள், காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், ஞாயிறு இரவு சமையல் உண்டா, வாஷிங் மெஷினுக்குத் தனிக் காசா என்று கேட்டு, பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளச் சொன்னேன். இரண்டு பேர் தங்கும் அறை, சாப்பாட்டோடு 9,500-க்குக் கிடைத்தது.

பைக்கைக் கொண்டுவர வேண்டும் என்று அடம் பிடித்தான். தமிழ்நாட்டு வண்டியை இங்கே ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் கர்நாடகத்துக்கு ஆயுள் வரி கட்டி, ஊர் ஆர்.டி.ஓ.வில் என்.ஓ.சி. வாங்கி, நம்பரை மாற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவை அவன் நோட்டின் வலது பக்கத்தில் எழுதிக் காட்டினேன். இப்போதைக்கு மாதம் 1,200 ரூபாய் பஸ் பாஸில் போய்க்கொண்டிருக்கிறான். பைக் திண்டுக்கல்லில் அவன் தம்பியிடம்.